மோட்டார் ஓடும் நேரம்

வைகறை நகர் மூன்றாம் தெருவில் வாசல் விளக்கு ஒருநாள்கூட மஞ்சளுக்குப் போகாத வீடு தென்னவன் வீடு மட்டும்தான். இதை அவன் சொல்லிக்கொள்ளாத இடமில்லை. பால் போட வருகிறவரிடம் சொல்லியிருக்கிறான், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லியிருக்கிறான், பட்டிமன்ற மேடையில் மைக்கைப் பிடித்துச் சொல்லிக் கைதட்டும் வாங்கியிருக்கிறான். தொழிலே பேச்சு. அதிலும் 'பிள்ளையின் குணத்துக்குக் காரணம் பிறப்பா, வளர்ப்பா?' என்று ஒரு தலைப்பு இருக்கிறதே, அதில் வளர்ப்பு அணிக்குத் தென்னவனை விட்டால் ஆளில்லை என்று மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பெயர். "எங்க வீட்டுப் பிள்ளையும் பஞ்சுப் பிள்ளைதாங்க! நாலு வருஷமா வாசல்ல பச்சை எரியுது. சந்தேகம்னா வந்து பாருங்க!" என்பான். கூட்டம் அள்ளும்.

பஞ்சுப் பிள்ளை என்பது ஜனங்கள் வைத்த பெயர். இந்தக் கதை நடக்கிற காலத்தில், பிறக்கிற குழந்தைக்கெல்லாம் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மரபணு பார்த்துவிடுவார்கள். சில பிள்ளைகளுக்கு அதில் ஒரு விசேஷம் இருக்கும். சுற்றி என்ன நடக்கிறதோ அதை மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக இழுத்துக்கொள்ளும். அன்பான வீட்டில் வளர்ந்தால் ஊரே மெச்சுகிற பிள்ளை. அடியும் வசவுமாக வளர்ந்தால் கடிக்கும், கல்லெறியும், தீக்குச்சியைக் கிழித்துப் போடும். அதே அடியை வாங்கிய மற்றப் பிள்ளைகள் எப்படியோ தேறிவிடும், இதுகள் தேறாது. வெறும் மரபணுவால் ஒன்றும் ஆகாது, வீடு மோசமென்றாலும் பல பிள்ளைகள் தப்பித்துக்கொள்ளும், இரண்டும் கூடினால்தான் வினை என்று டாக்டர்கள் விளக்கினார்கள். ஜனங்கள் அவ்வளவு நீளமாகச் சொல்வார்களா? தண்ணியில் போட்டால் தண்ணியை உறிஞ்சும், மையில் போட்டால் மையை உறிஞ்சும், பஞ்சுப் பிள்ளை என்று முடித்துவிட்டார்கள்.

அப்படிப்பட்ட பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது வந்ததும் வீட்டுக் கூடத்தில் ஒரு கருவியை மாட்டிவிட்டுப் போவார்கள். இல்லச் சூழல் மானி என்று அதற்குப் பெயர். என்ன பேசினோம் என்று அதற்குத் தெரியாது. எப்படிப் பேசினோம் என்று தெரியும். குரலின் சூடு, அறை விழுகிற சத்தம், அழுகை, எல்லாவற்றையும் அளந்து, அதற்கேற்ப வாசல் தூணில் உள்ள விளக்கைப் பச்சையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ எரிய வைக்கும். மூலையில் சும்மா உட்கார்ந்துகொண்டு உள்ளே நடப்பதைத் தெருவுக்குச் சொல்லிவிடுகிறதல்லவா, அதற்கு ஊர் வைத்த பெயர் 'மாமியார்'.

சரி, தென்னவனும் அவன் மனைவி லோசனியும் கோபமே வராத தெய்வப் பிறவிகளா என்றால், மண்ணாங்கட்டி. அவளுக்கு வாய் முந்தும், அவனுக்குக் கை முந்தும். மூத்தவன் வளவன் பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஒரு சண்டை. பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித்தண்ணியைப் பஞ்சில் நனைத்து வைப்பதைச் சேனை வைப்பது என்பார்கள். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று அந்தப் பக்கத்தில் நம்பிக்கை. தாய்மாமன் முறைக்கு லோசனியின் அண்ணன் கருத்தப்பாண்டி புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஆசையாக வந்து நின்றான். அவனுக்கு பேட்டரி மாற்றுகிற கடை, பேசினால் நாலு கடை தள்ளிக் கேட்கும்.

"ஒங்கண்ணன் வாயத் தொறந்தா தெருவே கூடுது. அந்தக் கொணம் எம்பிள்ளைக்கு வேணாம்" என்று தென்னவன் அவன் கையிலிருந்த பஞ்சைப் பிடுங்கித் தானே சேனை வைத்தான். "என் நாக்கு இவனுக்கு வரட்டும்" என்றான். நர்ஸுகள் சிரித்தார்கள். கருத்தப்பாண்டி சிரிக்கவில்லை.

மாமியார் வந்த புதிதில் புருஷனும் பெண்டாட்டியும் மூச்சைக்கூட அளந்துதான் விட்டார்கள். ஒருநாள் மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை. கொல்லையில், சம்ப்பை ஒட்டித் தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமில் இரண்டு பேரும் நின்று ஸ்விட்சைப் போட்டார்கள். பழைய மோட்டார், அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஏதோ ஒன்றைத் தொட்டு ஏதோ ஒன்று வந்து, இரண்டு பேரும் நெஞ்சில் தேக்கி வைத்திருந்ததையெல்லாம் அங்கே கத்தித் தீர்த்தார்கள். அப்புறம்தான் அய்யய்யோ என்று உறைத்தது. வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் விளக்கு பச்சை! மோட்டார் சத்தத்தைத் தாண்டி மாமியாருக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தார்கள், அதுதான் கொடுமை.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் வந்தது. கூடத்தில் கோபம் வந்தால் யாரும் குரலை உயர்த்துவதில்லை. "என்னங்க, மோட்டார் போடணுமே" என்பாள் லோசனி, தேன் வழிய. "வாம்மா, போடுவோம்" என்பான் இவன். வளவன் பால் டம்ளரைத் தட்டிவிட்டாலோ, வீட்டுப் பாடத்தை மறைத்தாலோ, தங்கச்சி பூவிழியின் பொம்மையைப் பிடுங்கினாலோ அதே கதைதான். "தங்கம், வாடா. தண்ணி நெரம்பிருச்சான்னு பாத்துட்டு வருவோம்" என்று தோளில் கை போட்டுக் கூட்டிப் போவான். கதவைச் சாத்துவான். ஸ்விட்சைப் போடுவான். அப்புறம் அடிப்பான். சில நாள் லோசனியும் அதே மாதிரி கூட்டிப் போய்த் தொடையில் திருகியிருக்கிறாள். திரும்பி வரும்போது பிள்ளையின் முகத்தைச் சம்ப்புத் தண்ணியில் கழுவித் துடைத்துக் கூட்டி வருவார்கள். யாராவது எதிர்ப்பட்டால், "ஒண்ணுமில்ல, தண்ணி நெரம்பிருச்சான்னு பாக்க வந்தோம்" என்பார்கள். "அழாம வரணும். அப்பா மானம் ஒன் கையிலதான்டா இருக்கு" என்று பிள்ளையிடம் சொல்லி வைத்திருந்தான் தென்னவன்.

எதிர்வீட்டு ராஜாமணிக்கும் ஒரு பஞ்சுப் பிள்ளை. அந்த வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாளாவது மஞ்சள் எரியும். "என்ன ராஜாமணி சார், வீட்ல விளக்குப் பூசையா?" என்று தென்னவன் தெருவில் வைத்துக் கேட்பான். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

கருத்தப்பாண்டியை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. "வாசல்லயே பேசிட்டுப் போங்க மச்சான், ஒங்க கொரலுக்கு மாமியார் தாங்காது" என்று தென்னவன் சொல்லிவிட்டான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வளவனைக் கடைக்குக் கூட்டிப் போவான் மாமன். "டேய் எருமை, எங்கடா போயித் தொலஞ்ச?" என்று நடுத்தெருவில் வைத்து அலறுவான், அடுத்த நிமிஷம் பட்டர் பன் வாங்கிக் கொடுப்பான். வளவன் வீட்டுக்கு வந்து மாமனைப் போலவே பேசிக் காட்டுவான். பிள்ளைக்கு அப்படி ஒரு வித்தை. கொல்லையில் கத்துகிற கொண்டலாத்திக் குருவியிலிருந்து அப்பாவின் மேடைச் சிரிப்பு வரைக்கும், ஒருமுறை கேட்டால் போதும், அச்சு அசலாக வந்துவிடும்.

இப்படியிருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

மனநல ஆலோசகர் ரெஹானா மேடம் மெல்லிய குரலில் பேசுகிறவர். அன்றைக்கு இன்னும் மெல்லப் பேசினார்.

"வகுப்புல இவனப் போல பிள்ளை கெடையாது சார். ஆனா கை கழுவுற எடத்துக்குப் பின்னால, குடிதண்ணி மோட்டார் இருக்குல்ல, அங்க ஒரு சின்னப் பொண்ணக் கூட்டிட்டுப் போயிருக்கான். காதக் கடிச்சிருக்கான், தையல் போட்டிருக்கு. இது மொத தடவையும் இல்ல. இதுக்கு முன்னால ரெண்டு பசங்க, பயத்துல சொல்லாம இருந்திருக்காங்க."

"எம்பையனா?" என்றான் தென்னவன். குரலில் மேடை இறங்கவில்லை.

"ஆமா சார். எனக்குப் புரியாதது என்னன்னா, கோவத்துல செய்யல. கையப் பிடிச்சு, 'தங்கம், வா, தண்ணி நெரம்பிருச்சான்னு பாத்துட்டு வருவோம்'னு அவ்வளவு பிரியமாக் கூட்டிட்டுப் போயிருக்கான். எப்பவும் அந்த எடத்துலதான், எப்பவும் மோட்டார் ஓடுறப்பத்தான். ஒங்களுக்கு ஏதாவது தோணுதா?"

லோசனி புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள். தென்னவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒண்ணும் தோணலயே மேடம்."

ரெஹானா முன்னாலிருந்த கோப்பை மூடினார். "அப்ப, பஞ்சுப் பிள்ளைங்க விஷயத்தப் பாக்குற அரசாங்கக் குழு என்ன முடிவுக்கு வரும்னு சொல்லிடறேன். பிள்ளையோட மரபணு இப்படி. வீடு நாலு வருஷமா பச்சை. பச்ச வீட்ல வளர்ந்த பஞ்சுப் பிள்ளை இப்படிச் செய்யக் காரணமே இல்ல. அப்ப சூழல்ல குறை இல்ல, எல்லாம் பிறப்புலயே கோளாறுன்னு எழுதுவாங்க. ஊசி போடச் சொல்வாங்க."

"என்ன ஊசி?"

"மட்டுப்படுத்துற ஊசி. அந்த மரபணுவ அப்படியே அமத்திரும். அப்புறம் கடிக்க மாட்டான்."

"நல்லதுதான மேடம்?"

"உறிஞ்சுறது நின்னு போயிரும் சார். கெட்டத மட்டும் இல்ல, எல்லாத்தையும்தான். ஊசி போட்ட பிள்ளைங்கள நான் பாத்திருக்கேன். ஒழுங்கா இருப்பாங்க. சாயங்காலம் அம்மா கூப்பிட வந்து நின்னாலும் ஒழுங்கா உக்காந்திருப்பாங்க. போட்டுட்டா திருப்பவும் முடியாது."

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த நிமிஷத்தில் தென்னவனுக்கு முதலில் வந்தது பயமில்லை, நிம்மதி. சூழலில் குறை இல்லை! அரசாங்கமே சொல்லப்போகிறது. அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்து அவனுக்கே கூசியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

வண்டியில் வரும்போது லோசனிதான் ஆரம்பித்தாள். "நாம சொல்லியிருக்கணும்."

"என்னத்த? எல்லாம் ஒங்கண்ணன் ரத்தம். மொரட்டு ரத்தம்."

"எங்கண்ணன் ரத்தமா? எங்கண்ணன் கடையில வச்சு இவன் ஒரு ஈயக்கூடக் கடிச்சதில்ல. 'தங்கம், வா'ன்னு கூப்பிட்டானாமே, அது யார் வாயி? சேனை வச்சது யாருங்க?"

"சொன்னா என்னாகும்னு தெரியும்ல? பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்க. தெருவுல தல காட்ட முடியாது. மேடையில ஒரு பய ஏத்த மாட்டான்."

மூன்றில் எதற்கு அவன் பயப்படுகிறான் என்று இரண்டு பேருக்குமே தெரியும். முதலில் சொன்னதற்கு மட்டும் பயந்து லோசனி வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வாரம் ஒரு கோயில் திருவிழாவில் பட்டிமன்றம். அதே தலைப்பு. தென்னவன் நடுவரிடம் போய், இந்தத் தடவை பிறப்பு அணியில் பேசுகிறேன் என்றான்.

"என்னய்யா, கட்சி மாறிட்ட? பச்ச விளக்கு அணைஞ்சு போச்சா?" என்று நடுவர் கிண்டலடித்தார்.

"சும்மா ஒரு மாறுதலுக்குங்கய்யா" என்று சிரித்தான். மேடை ஏறும்வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. ஆனால் மைக் கைக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. வலது கையை உயர்த்தி, தலையைச் சாய்த்து, "பாசத்தக் கொட்டி வளக்குறோம், பச்ச விளக்கு எரியுது. ஆனா ரத்தத்துல இருந்தா வீடு என்னங்க பண்ணும்? சொல்லுங்க, ரத்தத்துல இருந்தா வீடு என்னங்க பண்ணும்?" என்று கேட்டான். கூட்டம் அதற்கும் கைதட்டியது. முன்வரிசையில் லோசனி மடியில் பூவிழி தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வளவன் கைதட்டாமல், கண் கொட்டாமல் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குழு கூடுவதற்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த தென்னவனுக்கு மோட்டார் சத்தம் கேட்டது. லோசனி கடைக்குப் போயிருந்தாள். யார் போட்டது? எழுந்து கொல்லைக்குப் போனான். மோட்டார் ரூம் கதவு சாத்தியிருந்தது. கதவிடுக்கில் காதை வைத்ததும், மோட்டார் இரைச்சலையும் மீறி, உள்ளே தன் குரலே கேட்டது.

"அழாத. அழுத, இன்னும் ரெண்டு விழும். என்ன நெனச்சுக்கிட்டிருக்க? ஊருக்கு முன்னால எம்மானத்த வாங்கவா பொறந்த? சொல்லு!"

ஒரு பிசிறு இல்லை. இழுக்கிற இடத்தில் இழுப்பு, பல்லைக் கடிக்கிற இடத்தில் கடி. வருஷக்கணக்காக மேடையில் பேசியிருக்கிறான். தன் குரலை வெளியே நின்று கேட்டது அதுதான் முதல் தடவை. இப்படியா இருக்கும்? இவ்வளவு கேவலமாகவா இருக்கும்?

கதவைத் தள்ளினான். மூன்று வயசுப் பூவிழி சுவரோடு ஒட்டி நின்றாள். வாய் கோணியிருந்தது, சத்தம் வரவில்லை. அழாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள். வளவனின் கை ஓங்கியபடியே நின்றது. அப்பாவைக் கண்டதும் கை கீழே இறங்கியது. முகம் ஒரு நொடியில் மாறியது. சம்ப்பில் கையை விட்டுத் தண்ணீரை அள்ளித் தங்கச்சியின் முகத்தைத் துடைத்தான். அப்புறம் நிமிர்ந்து, தேன் வழிகிற குரலில் சொன்னான்.

"ஒண்ணுமில்லப்பா. தண்ணி நெரம்பிருச்சான்னு பாக்க வந்தோம்."

தென்னவன் அவனை அடிக்கவில்லை. எப்படி அடிப்பான்? மோட்டாரை நிறுத்திப் பூவிழியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். லோசனி வந்ததும் சொன்னான். அவள் பையை அப்படியே கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள். மாமியார் மேலே இருக்கிறதே!

"ஊசியப் போட்டுருவோம் லோசனி. எல்லாம் சரியாப் போயிரும்" என்றான் தென்னவன்.

"ஊசி போட்டா அவன் ஒங்க கொரல்ல பேச மாட்டான். அதுக்குத்தான போடணுங்கறீங்க?"



குழு கூடிய அறையில் நீள மேஜை. நடுவில் தலைவி, வயசான அம்மா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் ரெஹானா. எதிரே தென்னவன், லோசனி, நடுவில் வளவன், கால் தரையில் எட்டாமல்.

"வீட்டுச் சூழல் பத்திச் சொல்ல ஏதாவது இருக்கா?" என்று தலைவி கேட்டார்.

தென்னவன் தொண்டையைச் செருமினான். சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தான். ராத்திரி முழுக்க வாக்கியம் கட்டி வைத்திருந்தான், எடுப்பு, தொடுப்பு, முடிப்பு எல்லாம். ஆனால் அந்த அம்மா மரியாதையாக, "ஒங்க பேச்ச நான் கேட்டிருக்கேன் சார், எங்க வீட்ல எல்லாருக்கும் பிடிக்கும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார். அவ்வளவுதான். "சொல்ல ஒண்ணும் இல்லங்கம்மா" என்று வாய் சொல்லிவிட்டது. லோசனி அவனை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவன் செத்துப் பிழைத்தான்.

"சரி, தம்பி, நீ சொல்லு. ஏன்ப்பா அப்படிச் செய்யற? வீட்ல யாராவது ஒன்ன அடிக்கிறாங்களா?"

வளவன் நாற்காலியிலிருந்து இறங்கி நின்றான். அப்பாவை ஒரு பார்வை பார்த்தான். பயந்த பார்வையில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல ஒரு பார்வை, எட்டு வயசுக்கு ஆகாத பார்வை. வலது கையை உயர்த்தினான். தலையைச் சாய்த்தான்.

"எங்க வீட்ல பாசத்தக் கொட்டி வளக்குறாங்க. பச்ச விளக்கு எரியுது. ஆனா ரத்தத்துல இருந்தா வீடு என்னங்க பண்ணும்? சொல்லுங்க, ரத்தத்துல இருந்தா வீடு என்னங்க பண்ணும்?"

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் தன்னையறியாமல் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார். வளவன் கையை இறக்கினான். அப்புறம் வந்தது அவனுடைய சொந்தக் குரல், மெலிசாக.

"நாந்தான் கெட்டவன். ஊசி போட்டுருங்க மேடம். அப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க."

தென்னவன் எழுந்தான். எடுப்பும் தொடுப்பும் எங்கே போயிற்றோ. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மோட்டார் ரூம்ல வச்சு அடிச்சோம்" என்றான்.

"எங்க?"

"வீட்டுக்குப் பின்னால, மோட்டார் ரூம்ல. மோட்டாரப் போட்டுட்டு அடிச்சோம். நாலு வருஷமா. வெளியில கேக்காதுன்னு."

"நானுந்தான்" என்றாள் லோசனி, தரையைப் பார்த்து.

ரெஹானா மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். தென்னவனுக்குக் காது மடல் எரிந்தது. உட்காருவதா நிற்பதா என்றுகூடத் தெரியவில்லை. வளவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏம்ப்பா சொன்னீங்க?" என்று கிசுகிசுத்தான். அழுதுவிடுவான்போல இருந்தது. அத்தனை அடிக்கும் அழாமல் கட்டிக் காத்ததை அப்பாவே போட்டு உடைத்துவிட்டாரே!

தலைவி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "இவன் ஜீன்ல கெட்டது ஒண்ணும் இல்ல சார்" என்றார். "எதையும் சட்டுனு பிடிச்சுக்கும், அவ்வளவுதான். ஒங்ககிட்டயும் அதே ஜீன்தான் இருக்குன்னு இந்த ரிப்போர்ட்ல போட்டிருக்கு. ஒங்களுக்கு மேடை எங்கருந்து வந்ததுன்னு நெனச்சீங்க?"

"எங்க அய்யா ஸ்கூல்ல வாத்தியாரா இருந்தாருங்க. நல்லாப் பேசுவாரு" என்றான் தென்னவன். அவர் வேறு எது எதில் கெட்டிக்காரர் என்பதும், தன் முதுகில் இருக்கிற தழும்பும் அப்போது நினைவுக்கு வந்தன. அதைச் சொல்லவில்லை. சொன்னால் தப்பித்துக்கொள்கிற மாதிரி ஆகிவிடும் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

ஊசி வேண்டாம் என்று முடிவாயிற்று. பிள்ளையை எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. ஆனால் இதுவரை எரிந்த பச்சையெல்லாம் செல்லாது. மோட்டார் ரூமிலும் ஒரு மாமியார். வாரம் ஒருமுறை ரெஹானா வீட்டுக்கு வருவார். செய்தி எப்படிப் பரவியதோ, அன்று சாயங்காலமே நடுவர் போன் பண்ணி, "கொஞ்ச நாள் ஓய்வெடுப்பா" என்றார். தெருவில் பால் போடுகிறவர்கூட முகம் பார்க்காமல் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். கருத்தப்பாண்டி மட்டும் வாசலில் வந்து நின்று, மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "மனுஷனாயா நீ! பச்சப்பிள்ளைய மறைச்சு வச்சா அடிப்ப?" என்று கத்திவிட்டுப் போனான். தென்னவன் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டான். எத்தனையோ கைதட்டு வாங்கியிருக்கிறான், இதுதான் அவனுக்குத் தகுந்தது என்று தோன்றியது.

இரண்டு நாள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம். வளவன் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தான். பின்கழுத்தில் வியர்வை மினுமினுத்தது. தென்னவன் வாசற்படியில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பிள்ளை என்னைக் காப்பாற்றவல்லவா பார்த்தான்! ஓடிப்போய்த் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இத்தனை நாளில் இல்லாத பிரியத்தோடு கூப்பிட்டான்.

"தங்கம், இங்க வாடா."

வளவன் பென்சிலைக் கீழே வைத்தான். எழுந்தான். அப்பாவின் பக்கம் வரவில்லை. கொல்லைப் பக்கம் நடந்தான். சற்று நேரத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

தென்னவன் விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். மோட்டார் ரூமில், புதிதாக மாட்டியிருந்த மாமியாருக்குக் கீழே, வளவன் சுவரைப் பார்த்து நின்றிருந்தான். கைகளை இடைஞ்சலில்லாமல் முன்னால் கட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, தயாராக நின்றிருந்தான்.

ஸ்விட்சை அணைத்தான். சத்தம் நின்றதும் பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினான். தென்னவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. தங்கம் என்று சொல்ல முடியாது. கண்ணு, ராசா, எதைத்தான் இவன் கெடுக்காமல் வைத்திருக்கிறான்? உலகத்தில் பிள்ளையைக் கொஞ்ச இருக்கிற வார்த்தையையெல்லாம் கொண்டுவந்து இந்தத் தகரக் கூரைக்கடியில் கொன்று போட்டிருக்கிறான். முன்னால் நடந்தான். வளவன் பின்னாலேயே வந்தான். கூடத்துக்கு வந்து மாமியாருக்கு நேர் கீழே நின்று, மச்சான் கருத்தப்பாண்டியின் வாயைக் கடன் வாங்கியதுபோல அலறினான்.

"டேய் எருமை! நான் கூப்பிட்டா எங்கிட்ட வரணும்டா! அங்க எதுக்குடா போன? யார்ரா ஒன்ன அங்க போகச் சொன்னது!"

யார் சொன்னது என்பது அவனுக்குத் தெரியாதா? அதைக் கேட்ட மாத்திரத்திலேயே குரல் உடைந்துபோயிற்று. தரையில் உட்கார்ந்து, லோசனியும் பூவிழியும் அடுக்களை வாசலில் நின்று பார்க்கப் பார்க்க, ஹோவென்று அழுதான். அழுகையையும் அளக்குமே அந்தக் கருவி. வாசல் தூணில் விளக்கின் நிறம் மாறுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அந்த வீட்டில் முதல் மஞ்சள். எதிர்வீட்டு ராஜாமணி கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்தவர் அதைப் பார்த்தார். ஒரு சொல் சொல்லவில்லை, சிரிக்கவுமில்லை. பார்க்காத மாதிரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதைத்தான் தென்னவனால் தாங்க முடியவில்லை.

வளவன் விளக்கைப் பார்த்தான். பதறிவிட்டான்.

"அப்பா, மஞ்சள் எரியுதுப்பா. எல்லாரும் பாக்குறாங்கப்பா. அழாதீங்க. நான் போயி மோட்டாரப் போடட்டுமா?"

"வேணாம்டா" என்றான் தென்னவன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எரியட்டும்."

வளவன் நம்பவில்லை. கொல்லைக் கதவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடுக்கூடத்திலேயே நின்றான். ரொம்ப நேரம் கழித்து, அப்பாவுக்கு ஒரு கை தூரம் தள்ளி, சுவரோரமாக உட்கார்ந்தான்.